என்400: சொல்லின் பொருளுக்கு மூளை தரும் மின் எதிர்வினை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சொல்லைப் படித்தோ கேட்டோ ஏறக்குறைய 400 மில்லிவினாடி ஆகும்போது, தலையின் மேற்பரப்பில் பதிவாகும் ஒரு சிறிய மின்னழுத்த மாற்றத்துக்கு என்400 என்று பெயர். அமெரிக்க நரம்பியல் அறிஞர் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டுடன் சேர்ந்து 1980-இல் இதை அறிவித்தார். வாக்கியத்தில் தவறான சொல் வந்தால் மூளை எழுப்பும் எச்சரிக்கை என்றே பல கட்டுரைகள் இதை அறிமுகப்படுத்துகின்றன. அந்த விளக்கம் ஏன் போதாது என்பதையும் கீழே உள்ள விடைகள் தொட்டுச் செல்கின்றன.

மார்த்தா குட்டாஸ் யார்?

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் கல்வி பயின்றவர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இமானுவேல் டான்சினிடம் ஆய்வு செய்து 1977-இல் முனைவர் பட்டம் பெற்றார். டான்சினின் ஆய்வுக்கூடம் அப்போது பி300 என்ற வேறொரு மின் எதிர்வினையை ஆராய்வதில் முன்னணியில் இருந்தது. அந்த அலை தோன்றும் நேரத்தைக் கொண்டு, ஒரு தூண்டலை இனங்காண மூளைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளக்கலாம் எனக் காட்டிய 1977-ஆம் ஆண்டுக் கட்டுரையில் குட்டாஸின் பெயரே முதலில் உள்ளது. பிறகு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்குச் சென்று ஹில்யார்டுடன் பணியாற்றினார். அவருடைய பெரும்பாலான ஆய்வுகள் அங்கேயே நடந்தன.

தலைக்கு வெளியே மின்முனை வைத்து, ஒரே ஒரு சொல்லுக்கான எதிர்வினையை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்?

மனித மூளையின் மின் அலைகளைத் தலையின் மேல் மின்முனை வைத்துப் பதிவு செய்யலாம் என்பதை ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் கண்டு, 1929-இல் வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் ஈ.ஈ.ஜி. என்று எடுக்கப்படுவது அதன் வழிவந்ததே. ஆனால் அந்தப் பதிவில் தெரியும் அலைகள் பல பத்து மைக்ரோவோல்ட் அளவுக்கு ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, ஒரு சொல்லுக்கு மூளை தரும் எதிர்வினையோ சில மைக்ரோவோல்ட்டுக்கு மேல் போவதில்லை. ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒரே ஒரு முறை எடுத்த பதிவை உற்றுப் பார்த்து இந்த அலையைக் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு வழி கண்டவர் லண்டன் குவீன் ஸ்கொயரில் உள்ள நரம்பியல் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் டாசன். அவர் முதலில் 1947-இல் பல பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே புகைப்படத்தில் விழச் செய்து, தூண்டலுக்குப் பின் ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் எழும் மாற்றத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தினார். 1950-களின் தொடக்கத்தில் பதிவுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும் கருவி ஒன்றையும் உருவாக்கினார். தூண்டலோடு நேரத்தால் பிணைந்த எதிர்வினை ஒவ்வொரு பதிவிலும் ஒரே இடத்தில் வருவதால் சராசரியில் நிலைக்கிறது. தொடர்பில்லாத ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. பதிவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே இரைச்சல் குறைகிறது என்பதால், அதைப் பத்தில் ஒன்றாக்க நூறு பதிவுகள் வேண்டும்.

என்400 பற்றிப் படிக்கும் எவரும் மறக்கக் கூடாத செய்தி இது. ‘இந்தச் சொல்லுக்கு மூளை இப்படி எதிர்வினை தந்தது’ என்று கட்டுரைகள் சொல்லும்போது, அந்த வகையைச் சேர்ந்த பல சொற்களுக்கு, பெரும்பாலும் பலருடைய மூளைகள் தந்த எதிர்வினைகளின் சராசரியையே குறிக்கின்றன.

1980-ஆம் ஆண்டுச் சோதனையில் என்ன நடந்தது?

அவர்கள் எதிர்பார்த்தது வேறு, கிடைத்தது வேறு. சாமுவேல் சட்டனும் அவருடைய குழுவினரும் 1965-இல் அறிவித்த பி300 அலை, தொடர்ந்து வரும் ஒரே மாதிரியான ஒலிகளுக்கு நடுவே எப்போதாவது வரும் வேறு ஒலிக்கு, தூண்டலுக்குப் பின் சுமார் 300 மில்லிவினாடியிலோ அதற்குச் சற்றுப் பிந்தியோ நேர்மின் பக்கமாக எழுவது. ஒலிக்குப் பதிலாக மொழியை வைத்தால் என்ன ஆகும்? வாக்கியத்தின் கடைசியில் எதிர்பாராத சொல் வந்தால் அதற்கும் பி300 எழ வேண்டும் என்பது நியாயமான ஊகம்.

பங்கேற்றவர்கள் ஏழு சொற்கள் கொண்ட ஆங்கில வாக்கியங்களைத் திரையில் ஒவ்வொரு சொல்லாகப் படித்தனர். பெரும்பாலானவை இயல்பாக முடிந்தன. சில மட்டும் இடறின. ‘அவன் சூடான ரொட்டியில் தடவியது’ என்ற பொருளில் செல்லும் வாக்கியம் வெண்ணெய் என்று முடியாமல் காலுறை என்று முடிந்தது. வேறு சில வாக்கியங்களில் கடைசிச் சொல் பொருத்தமானதாகவே இருந்தது, எழுத்து மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பெரிய எழுத்துக்கு, எதிர்பார்த்தபடியே, நேர்மின் பக்கமான அலைகள் எழுந்தன. பொருளில் இடறிய சொல்லுக்கு அவை எழவில்லை. 400 மில்லிவினாடியை ஒட்டி எதிர்மின் பக்கமாக ஓர் அலை எழுந்தது. இரண்டுமே வியப்பூட்டும் சொற்கள்தான். ஆனால் எழுத்தின் வடிவம் தரும் வியப்பையும் பொருள் தரும் வியப்பையும் மூளை ஒரே வகையில் கையாளவில்லை. அந்தப் பெரிய எழுத்துச் சோதனை இல்லாதிருந்தால் இந்த முடிவு பாதி வலுவையும் பெற்றிருக்காது என்பது என் கருத்து. ஒப்பீட்டுக்கு எதை வைப்பது என்று தேர்ந்ததில்தான் அந்த ஆய்வின் திறமை இருக்கிறது.

எதிர்மின் அலை என்றால் மூளை அந்தச் சொல்லை மறுக்கிறது என்று பொருளா?

இல்லை. ஒரு மின்முனையில் அளக்கும் அழுத்தம் நேர்மின்னாகத் தெரிவதும் எதிர்மின்னாகத் தெரிவதும், செயல்படும் நரம்பணுக்கள் மூளையின் வெளியடுக்கான புறணியில் எந்தத் திசையில் அமைந்திருக்கின்றன, ஒப்பீட்டு மின்முனை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. பெயரில் உள்ள எழுத்து திசையையும் எண் நேரத்தையும் குறிக்கின்றன, அவ்வளவே. இத்துறையில் பலர் எதிர்மின்னை மேல்நோக்கி வரையும் பழைய வழக்கத்தை இன்னும் கைவிடாததால், வரைபடங்களை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் அச்சில் எந்தக் குறி மேலே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் என்400 பிழையைக் காட்டும் அலை அல்லவா?

அல்ல. முதல் கட்டுரையிலேயே, பொருந்தாத தகவலை மூளை மறுபடி கையாள்வதன் அடையாளமாக இது இருக்கலாம் என்றுதான் குட்டாஸும் ஹில்யார்டும் எழுதினர். அந்த ஊகத்தையும் அவர்களுடைய அடுத்த ஆய்வுகளே மாற்றின.

1984-இல் அவர்கள் பிழையே இல்லாத வாக்கியங்களை எடுத்துக்கொண்டனர். கடைசிச் சொல் விடுபட்ட வாக்கியத்தைப் பலரிடம் கொடுத்து நிரப்பச் சொன்னால், சில வாக்கியங்களில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே சொல்லை எழுதுவார்கள். சிலவற்றில் ஆளுக்கொன்று எழுதுவார்கள். தமிழில் ‘மழை தூறத் தொடங்கியதால் அவள் பையிலிருந்து எடுத்தது’ என்று கொடுத்தால் பெரும்பாலோர் ‘குடை’ என்று எழுதக்கூடும். ‘தொப்பி’ என்று முடித்தாலும் அதில் பிழை ஒன்றும் இல்லை. எதிர்பார்ப்பு மட்டுமே குறைவு. ஒரு சொல்லை எத்தனை பேர் எதிர்பார்த்தார்கள் என்ற விகிதம் கூடக்கூட, அந்தச் சொல்லுக்கு எழும் என்400 சிறிதாகிக்கொண்டே போனது. பிழைக்கு மட்டும் ஒலிக்கும் மணியாக இருந்தால் இப்படிப் படிப்படியாக மாறியிருக்காது.

1999-இல் காரா ஃபெடர்மையருடன் குட்டாஸ் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. ஒரு விடுதியை வெப்பமண்டல உல்லாச விடுதிபோல் தோன்றச் செய்ய விரும்பியவர்கள், அதன் நுழைவுப் பாதையின் ஓரமாக வரிசையாக நட்டது என்ன? எதிர்பார்க்கப்படும் விடை பனை வகை மரங்கள். அதற்குப் பதிலாகச் சில வாக்கியங்கள் ‘பைன் மரங்கள்’ என்றும், சில ‘டியூலிப் பூக்கள்’ என்றும் முடிந்தன. இரண்டுமே அந்த இடத்தில் பொருந்தாதவை, இரண்டையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் பைனுக்கு எழுந்த என்400 டியூலிப்புக்கு எழுந்ததைவிடச் சிறிதாக இருந்தது. பனையை எதிர்பார்த்த மூளையில் மரம் என்ற வகையின் கூறுகள் ஏற்கெனவே உயிர்பெற்றிருந்தன, அதே வகையைச் சேர்ந்த பைன் அந்தப் பயனில் பங்குபெற்றது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆக, பொருள் தாங்கிய ஒவ்வொரு சொல்லுக்கும் என்400 எழுகிறது. நினைவில் தேங்கியிருக்கும் அறிவிலிருந்து அந்தச் சொல்லின் பொருளை எடுக்க எவ்வளவு வேலை எஞ்சியிருக்கிறது என்பதை அதன் அளவு காட்டுகிறது. முன்வந்த சொற்கள் அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிட்டிருந்தால் அலை சிறுக்கிறது. இன்று பலர் ஏற்கும் விளக்கம் இது. குட்டாஸும் ஃபெடர்மையரும் 2011-இல் எழுதிய நீண்ட மீள்பார்வைக் கட்டுரை இதே திசையில் வாதிடுகிறது. எடுத்த பொருளை வாக்கியத்தோடு இணைக்கும் முயற்சியையே என்400 காட்டுகிறது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள்.

வாக்கியம் உண்மையா பொய்யா என்பதை என்400 காட்டுமா?

சில வேளைகளில் காட்டுவதுபோல் தோன்றும். நெதர்லாந்தில் ரயில்கள் மஞ்சள் நிறத்தவை. இது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். பீட்டர் ஹாகூர்ட்டும் அவருடைய குழுவினரும் 2004-இல் அந்நாட்டவர்களுக்கு ‘டச்சு ரயில்கள் வெள்ளை நிறத்தவை’ என்ற வகை வாக்கியங்களையும், ‘டச்சு ரயில்கள் புளிப்பானவை’ என்ற வகை வாக்கியங்களையும் கொடுத்தனர். முன்னது மொழியளவில் சரி, நடப்பில் பொய், பின்னது பொருளற்றது. இரண்டுக்கும் என்400 ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே அளவில் பெரிதாக எழுந்தது. அகராதிப் பொருளை முதலிலும் உலக அறிவைப் பிறகும் மூளை தனித்தனியே சரிபார்க்கிறது என்ற பழைய கருத்துக்கு இது பெரிய அடி.

ஆனால் 1983-இல் ஐரா ஃபிஷ்லரும் குழுவினரும் எதிர்மறை வாக்கியங்களை வைத்துச் செய்த சோதனை வேறொன்றைக் காட்டியது. ராபின் என்பது ஒரு சிறு பறவை. ஆகவே ‘ராபின் ஒரு பறவை அல்ல’ என்ற வகை வாக்கியம் பொய். ஆனாலும் ‘பறவை’ என்ற சொல்லுக்கு என்400 சிறிதாகவே இருந்தது. ‘ராபின் மரம் அல்ல’ என்பது மெய். ஆனாலும் ‘மரம்’ என்ற சொல்லுக்கு அது பெரிதாக இருந்தது. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் பெயருக்கு முன்னரே வந்துவிடுகிறது என்பதால், அதைப் படித்த பிறகும் மூளை ராபினுக்கும் பறவைக்கும் உள்ள உறவையே பற்றிக்கொண்டது என்று ஆகிறது. தமிழில் ‘அல்ல’ கடைசியில் வருவதால் இந்தச் சோதனையை அப்படியே பெயர்த்து நடத்தினால் எதையும் நிறுவ முடியாது.

கதைச் சூழல் வலுவாக இருந்தால் உலக அறிவையும் புறந்தள்ளிவிடலாம். மான்டே நியூலாண்டும் யோஸ் வான் பெர்க்கமும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆடிப் பாடிக்கொண்டிருக்கும் ஒரு நிலக்கடலை, தான் சந்தித்த பெண்ணைப் பற்றிப் பாடுவதாக ஒரு சிறு கதை வருகிறது. அந்தக் கதையின் முடிவில் கடலை ‘உப்பிடப்பட்டிருந்தது’ என்று வந்தபோது எழுந்த என்400, ‘காதல்வயப்பட்டிருந்தது’ என்று வந்தபோது எழுந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

இலக்கணப் பிழைக்கும் இதே அலைதான் எழுமா?

பொதுவாக இல்லை. ‘நேற்று நாங்கள் ஊருக்குப் போனான்’ என்பதில் உள்ளது போன்ற இயைபுப் பிழைகளுக்கு, சுமார் 600 மில்லிவினாடியை ஒட்டி நேர்மின் பக்கமாக எழும் பி600 என்ற வேறொரு அலையே பெரும்பாலும் பதிவாகிறது. 1992-இல் லீ ஆஸ்டர்ஹவுட்டும் பிலிப் ஹால்கம்பும் இதை விவரித்தனர். பொருளுக்கு என்400, இலக்கணத்துக்கு பி600 என்று பிரித்துக்கொள்வது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பாடு ஆட்களை விழுங்கியது என்பது போன்ற, பொருளில் மட்டும் இடறும் சில வாக்கியங்களுக்கும் பி600 எழுவதாக 2000-களில் வந்த ஆய்வுகள் காட்டியதும் அந்தப் பிரிவினை ஆட்டங்கண்டது. விவாதம் முடியவில்லை.

மூளை அடுத்த சொல்லை முன்கூட்டியே ஊகிக்கிறது என்பதற்கு இது சான்றா?

இத்துறையில் மிகுதியாகச் சர்ச்சைக்கு உள்ளான கேள்வி இது. ஒரு சொல்லுக்கு என்400 சிறிதாக இருந்தால், அந்தச் சொல் வரும் முன்பே மூளை அதை ஊகித்திருக்கலாம். அல்லது வந்த பிறகு அது சூழலோடு எளிதில் பொருந்தியிருக்கலாம். சொல்லின் மேல் அளந்தால் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. எனவே சொல் வருவதற்கு முன் அளக்க வேண்டும்.

கேத்ரின் டிலாங், தாமஸ் அர்பாக், குட்டாஸ் ஆகிய மூவரும் 2005-இல் அதற்கு ஒரு வழி கண்டனர். தமிழ் எழுத்து வழக்கில் உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’ என்றும் மெய் சார்ந்த எழுத்துக்கு முன் ‘ஒரு’ என்றும் எழுதுவது போல, ஆங்கிலத்திலும் அடுத்து வரும் ஒலியைப் பொறுத்து அந்தச் சிறு சொல்லின் வடிவம் மாறுகிறது. காற்று வீசும் நாளில் சிறுவன் வெளியே பறக்கவிடச் சென்றது பட்டம் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அந்த ஆங்கிலச் சொல் மெய்யொலியில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் உயிரொலிக்கு உரிய வடிவம் வந்துவிட்டால், பட்டம் வரப்போவதில்லை, விமானம் போன்ற வேறொன்றே வரப்போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்தச் சிறு சொல்லுக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை என்பதால், அதன் மேல் எழும் வேறுபாடு ஊகத்தால் மட்டுமே வர முடியும். அப்படி ஒரு வேறுபாடு இருப்பதாக மூவரும் அறிவித்தனர்.

2018-இல் நியூலாண்டின் தலைமையில் பிரிட்டனின் ஒன்பது ஆய்வுக்கூடங்கள் 334 பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தன. பட்டம், விமானம் போன்ற பெயர்ச்சொற்களின் மேல் எழும் விளைவு தெளிவாகத் திரும்பக் கிடைத்தது. சிறு சொல்லின் மேல் எழுவதாகச் சொல்லப்பட்டது கிடைக்கவில்லை. முதல் ஆய்வின் குழுவினர் இந்த முடிவை மறுத்து எழுதினர். பின்னர் 2020-இல் ப்ரூனோ நிசென்பாய்ம், ஷ்ரவண் வசிஷ்ட் முதலியோர் ஜெர்மன் மொழியில் புதிய தரவைத் திரட்டி, முந்தைய ஆய்வுகளின் தரவோடு சேர்த்துப் பார்த்து, விளைவு இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது என்ற முடிவுக்கு வந்தனர். மூளை ஊகிக்கவே இல்லை என்று 2018-ஆம் ஆண்டு முடிவைப் படிப்பதும் தவறு. எழுத்தொலி வரைக்கும் துல்லியமாக ஊகிக்கிறது என்று 2005-ஆம் ஆண்டு முடிவைப் படிப்பதும் மிகை. இவ்வளவு சிறிய விளைவைத் தேட முப்பது நாற்பது பேர் போதாது என்பதே அந்தச் சர்ச்சையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

அலை மூளையின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது?

தலையின் நடு, பின் பகுதிகளில், சற்று வலப்பக்கமாக அதிகம் பதிவாகிறது. ஆனால் பதிவாகும் இடத்துக்கு நேர் கீழேதான் பிறக்கிறது என்று கொள்ளக் கூடாது. காந்தப்புல அளவீடுகளும், வலிப்பு நோய்க்கான அறுவைக்கு முன் மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்டவர்களிடம் எடுத்த பதிவுகளும், முக்கியமாக இடப்பக்க நெற்றிப்பொட்டு மடலைச் சுட்டுகின்றன. ஓர் இடத்தில் மட்டும் பிறக்கும் அலை அல்ல இது.

படிக்கும்போது மட்டும்தான் எழுமா?

பேச்சைக் கேட்கும்போதும், காது கேளாதோர் கை மொழியைப் பார்க்கும்போதும், படங்களையும் முகங்களையும் பார்க்கும்போதும் இதை ஒத்த அலை எழுகிறது. பொருள் தரும் எதுவும் இதற்குப் போதுமானது.

எங்கள் குழந்தைக்கு மருத்துவர் ‘பெரா’ பரிசோதனை எழுதிக்கொடுத்தார். அதுவும் இதுவும் ஒன்றா?

அடிப்படை முறை ஒன்று: தூண்டல் தருவது, பதிவுகளைச் சராசரி எடுப்பது. அளக்கப்படுவது வேறு. பெரா பரிசோதனையில் காதில் ‘டிக்’ என்ற ஒலியைப் பலமுறை கொடுத்து, முதல் 10 மில்லிவினாடிக்குள் செவிநரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் அலைகளைப் பார்க்கிறார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும் அது பதிவாகும், கேட்கும் திறனைப் பற்றி ஒரு தனிக் குழந்தைக்குப் பயன்படும் முடிவையும் தரும். என்400 அப்படி அல்ல. அல்சைமர் நோய், மனச்சிதைவு, பேச்சிழப்பு ஆகியவற்றில் அது மாறுபடுவதாகக் குழு அளவிலான ஆய்வுகள் உண்டு. ஆனால் ஒரு நோயாளியின் என்400-ஐ மட்டும் பார்த்து நோயை உறுதிசெய்யும் நிலை இல்லை.

இதைக் கொண்டு ஒருவர் மனத்தில் உள்ளதைப் படிக்க முடியுமா?

முடியாது. ஒருவர் எந்தச் சொல்லை நினைக்கிறார் என்பதை என்400 சொல்வதில்லை. ஆய்வாளர் காட்டிய சொல் அவருக்கு எவ்வளவு எளிதாக இருந்தது என்பதைத்தான் சொல்கிறது. குற்ற விசாரணையில் மூளை மின் பதிவுகளைப் பயன்படுத்தும் முயற்சிகள் பெரும்பாலும் பி300-ஐ ஒட்டி வளர்ந்தவை. இந்தியாவிலும் மூளை மின் செயற்பாட்டுப் பரிசோதனை என்ற பெயரில் ஒரு முறை காவல் துறை விசாரணைகளில் பயன்பட்டது. உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், உண்மை கண்டறியும் மருந்து, பாலிகிராஃப், மூளை மின் பரிசோதனை ஆகிய மூன்றையும் ஒருவர்மீது அவருடைய விருப்பத்துக்கு மாறாக நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு அரசமைப்பின் 20(3), 21 ஆகிய பிரிவுகளைச் சார்ந்தது. அது தவிர, பல பதிவுகளின் சராசரியில் தலைகாட்டும் சில மைக்ரோவோல்ட் மாற்றத்தை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்பது, சராசரியின் கணக்கு அறிந்த எவருக்கும் அச்சம் தரும்.

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளுக்கும் என்400-க்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. மொழி மாதிரி ஒன்று, முன்வந்த சொற்களைக் கொண்டு அடுத்த சொல்லுக்கு ஒரு நிகழ்தகவைக் கணக்கிடுகிறது. நிகழ்தகவு குறைவாக உள்ள சொற்களுக்கு மனிதர்களின் என்400 பெரிதாக இருப்பதை ஸ்டீஃபன் ஃபிராங்க் முதலியோர் 2015-இல் காட்டினர். அதன்பின் வந்த பெரிய மாதிரிகளை வைத்தும் இத்தகைய உறவு காணப்பட்டுள்ளது. முன்பு பலரிடம் வாக்கியத்தை நிரப்பச் சொல்லிப் பெற்ற எண்களை இப்போது கணினியிடம் பெறலாம் என்பது ஆய்வுக்கூடங்களுக்குப் பெரிய வசதி.

அதனால் மூளையும் நிகழ்தகவைத்தான் கணக்கிடுகிறது என்று சொல்லிவிட முடியாது. 1999-ஆம் ஆண்டுச் சோதனையில் பைனையும் டியூலிப்பையும் வாக்கியத்தை நிரப்பியவர்கள் ஏறக்குறைய எவருமே எழுதவில்லை. நிரப்பியவர்களின் கணக்குப்படி இரண்டும் ஒன்றே. மூளை அவற்றை வெவ்வேறாகவே நடத்தியது.